சுண்ணாம்பு போடுவதற்கு முன்னால் மண்ணைச் சோதித்தேன்: தாழையூத்துப் பக்கத்து வீட்டுத் தோட்டப் பதிவு

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூச் செடிகளில் புதுத்தளிர் மட்டும் வெளிறி மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன. இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "மண்ணு புளிச்சுக் கெடக்கு, ரெண்டு கை சுண்ணாம்பு போடுங்க." யூடியூபில் தேடினாலும் பாதிக்கு மேல் இதே பேச்சு, கூடவே முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல். நான் எதையும் போடவில்லை, முதலில் மண்ணைச் சோதித்தேன். என் மண்ணில் புளிப்பே இல்லை, நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சுண்ணாம்பைப் போட்டிருந்தால் செடி இன்னும் மோசமாகியிருக்கும். நம் பக்கத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிற நிறையப் பேருக்கு இது உதவும் என்பதால் சோதித்த விதம், அதன் பிறகு செய்தது, செய்யாமல் விட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

சுண்ணாம்பு யோசனை தப்பானது இல்லை, அது வேறு ஊர் மண்ணுக்கானது. மழை கொட்டுகிற இடத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி இறங்கி கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் காலங்காலமாகக் கரைத்துக் கொண்டுபோய்விடும், மிஞ்சுவது அமில மண். கேரளத்தில் பெரும்பாலும் அப்படித்தான், நீலகிரியும் அப்படித்தான். நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே மாஞ்சோலையில் தேயிலை வந்ததற்கு அந்த மலை மண்ணின் புளிப்பும் ஒரு காரணம், தேயிலைக்கு பிஹெச் (புளிப்பையும் காரத்தையும் சொல்லும் அளவு; 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் பிடிக்கும். ஆனால் மலையை விட்டு இறங்கிக் கிழக்கே வர வர மழை குறைகிறது, வெயில் கூடுகிறது, சுண்ணாம்பு கரைந்து போக வழியில்லாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கரிசல் காட்டில் ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வருமே, அதுதான் இது. எங்கள் தாழையூத்துப் பக்கம் கேட்கவே வேண்டாம், 1949ல் இங்கே சங்கர் நகரில் சிமெண்ட் ஆலை வந்ததே அடியில் சுண்ணாம்புக்கல் கிடந்ததால்தான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கேரளத்துத் தோட்டக்காரர் சொல்வதைக் கேட்டுச் சுண்ணாம்பு வாங்கப் போவது சரியாக வராது.

அதற்காக "திருநெல்வேலி என்றால் கார மண்" என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. ஆற்றங்கரை வண்டல் ஒரு மாதிரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் ஒரு மாதிரி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஒரு மாதிரி. ஒரே வீட்டுக்குள்ளேயே சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, தொட்டியில் ஒன்று என்று இருக்கும். அதனால்தான் சோதனை.

முதல் சோதனைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. சமையலுக்கு வாங்கிய வினிகர் போதும். ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ள வேண்டும். இது முக்கியம், நனைக்காமல் வினிகரை விட்டால் மண்ணுக்குள் இருக்கிற காற்று குமிழாக வரும், அதைப் பார்த்து ஏமாந்துவிடலாம். நனைந்த பிறகு வினிகர் ஊற்றிக் காதருகே கொண்டுபோனால், மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி சத்தம் கேட்கும். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டதும் கரியமில வாயுவை விடுகிறது. என் வீட்டில் சுவரோர மண் நுரைத்துப் பொங்கியது. தோட்டத்து நடு மண்ணில் பொங்கல் இல்லை, ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்டது. நர்சரியில் இருந்து செடியோடு வந்த பையில் இருந்த செம்மண் ஒன்றுமே செய்யவில்லை.

மூன்று மண்ணுக்கும் மூன்று விடை. சுவரோரம் ஏன் அதிகம் என்றால் வீடு கட்டியபோது விழுந்த சிமெண்ட் கலவை, சுண்ணாம்புப் பூச்சு, உடைந்த காரை எல்லாம் அந்த ஓரத்திலேயே மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கிறது. புது வீடு கட்டிச் சுவரோரம் செடி வைக்கிறவர்கள் அந்த ஓரத்தை ஒன்றரை அடியாவது தோண்டிப் பார்த்துவிடுங்கள், சிமெண்ட் கட்டி வந்தால் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் செடி. வாசலில் தினம் கோலம் போட்டுக் கழுவி விடுகிற தண்ணீர் போகிற இடமும் அப்படித்தான், கடையில் விற்கிற கோலப்பொடியில் பெரும்பாலும் கல்மாவுதான், அரிசிமாவு இல்லை. அதில் சுண்ணாம்புக்கல் பொடியும் உண்டு, சந்தேகமிருந்தால் அதன்மேலும் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்.

வினிகருக்கு நுரைக்காத மண்ணை எதிர்ப் பக்கமும் சோதிக்கலாம். ஒரு ஸ்பூன் மண்ணைத் தண்ணீரில் குழம்பாக்கி அதில் சமையல் சோடாவைத் தூவினால், நல்ல புளிப்பு மண்ணாக இருந்தால் குமிழ் வரும். இரண்டுக்குமே ஒன்றும் வரவில்லை என்றால் நடுவாந்தரம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சமையல் சோடா சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. லேசான புளிப்பு அதில் தெரியாது.

அடுத்தது சங்குப்பூ. எங்கள் வேலியில் நீலச் சங்குப்பூ படர்ந்து கிடக்கிறது, ஒரு கை பூவைப் பறித்து வெந்நீரில் போட்டால் நல்ல நீலச் சாறு இறங்கும். புளிப்பில் அது ஊதாவாகவும் இன்னும் புளிப்பில் இளஞ்சிவப்பாகவும் மாறும், காரத்தில் பச்சைப் பக்கம் போகும். மண் கலங்கல் நிறத்தை மறைத்துவிடும் என்பதால் மண்ணை நேராகச் சாற்றில் போடக்கூடாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து, அந்தத் தெளிவில் சாற்றைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் ஒரு கிளாஸ், சமையல் சோடா கலந்த தண்ணீர் ஒரு கிளாஸ், வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கிளாஸ். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கும் பிடிக்கும். என் சுவரோர மண்ணின் தெளிவு நீலத்தில் இருந்து பச்சைப் பக்கம் நகர்ந்தது கண்ணுக்கே தெரிந்தது, ஆனால் 7.5க்கும் 8.2க்கும் வித்தியாசம் சொல்ல இது போதாது. எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி, எவ்வளவு என்று தெரிய மீட்டர்தான் வேண்டும்.

டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி கடையில் கிடைக்கும். வாங்கும்போது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று தெளிவாகக் கேளுங்கள், ஆசிட்டையும் அதே கடையில்தான் விற்கிறார்கள்.

மீட்டர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈர்க்கு மாதிரி இரண்டு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டு, பேட்டரியே இல்லாமல், மண்ணில் குத்தினால் முள் ஆடுகிற ஒரு கருவி இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன், நுரைத்துப் பொங்கிய சுவரோர மண்ணிலும் 7, நர்சரி மண்ணிலும் 7. ஈரம் கூடினால் முள் நகர்கிறது, பிஹெச் மாறினால் நகர்வதாகத் தெரியவில்லை. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பேனா வடிவில், நுனியில் கண்ணாடிக் குமிழ் வைத்து வருகிற டிஜிட்டல் மீட்டர் வேறு சங்கதி, அதைத் தண்ணீரிலும் மண் கரைசலிலும்தான் வைக்க வேண்டும், காய்ந்த மண்ணில் குத்தக்கூடாது. கூடவே 6.86, 4.01, 9.18 என்று எழுதிய பவுடர் பொட்டலங்கள் வரும். ஒவ்வொன்றையும் பொட்டலத்தில் சொல்லியிருக்கிற அளவு டிஸ்டில்டு வாட்டரில் (வழக்கமாக 250 மி.லி.) கரைத்து, முதலில் 6.86ல் சரிபார்த்து, நம் ஊர் மண்ணுக்கு அடுத்தது 9.18ல் சரிபார்க்க வேண்டும். மலைப்பக்கத்து மண் என்றால் 4.01. இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் மீட்டர் காட்டுகிற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அளக்கிற முறை ஆய்வகத்தில் செய்கிறதுதான்: நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 50 மி.லி., நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் அவ்வப்போது கிளறிவிட்டு, கடைசியாக ஒரு தடவை கலக்கி உடனே மீட்டரை வைத்து எண் நிலைக்கிற வரை காத்திருக்க வேண்டும். சுவரோரம் 8.3 வந்தது. தோட்டத்து நடுவில் 8.1. நர்சரிச் செம்மண் 6.6. போர் தண்ணீர் 7.7.

8.3க்கும் 6.6க்கும் வித்தியாசம் சின்ன எண்ணாகத் தெரியலாம். பிஹெச் அளவுகோலில் ஒவ்வொரு புள்ளியும் பத்து மடங்கு, 1909ல் சோரன்சன் என்கிற டென்மார்க் வேதியியலாளர் அப்படித்தான் அமைத்தார். 1.7 புள்ளி என்றால் கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு வித்தியாசம். இரும்புக்கு இது உயிர்ப் பிரச்சினை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, இருக்கிறது, ஆனால் பிஹெச் ஏற ஏற அது கரையாமல் துருவாகவே உறைந்துவிடுகிறது, 7.5 முதல் 8.5 வரையான இடத்தில்தான் கரைந்த இரும்பு மிகமிகக் குறைவு. வேர் இரும்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இரும்புக்கு ஏங்குகிறது. இரும்பு செடிக்குள் பழைய இலையில் இருந்து புது இலைக்கு நகராது, அதனால்தான் தளிர் மட்டும் வெளுக்கிறது. பழைய இலை முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, அதற்கும் பிஹெச்சுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். இந்த ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, 8.3 என்று தெரிந்துவிட்டது, குறைத்துவிடலாமா? உரக்கடை அண்ணாச்சியிடம் இதைத்தான் கேட்டேன். அவர் எடுத்த எடுப்பில், "எந்தப் பக்கத்து மண்ணு தம்பி? தாழையூத்தா? அங்க எவ்வளவு கந்தகம் போட்டாலும் மண்ணு குடிச்சிரும், எம்புட்டு வாங்கப் போறீய?" என்றார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொன்ன மனுஷன். அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன், எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ஒரு சதுர மீட்டர் இடம், 15 செ.மீ. ஆழம். அதில் இருக்கிற மண் ஏறக்குறைய 200 கிலோ. அதில் சுண்ணாம்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (நன்றாக நுரைக்கிற மண்ணில் அதற்கு மேலும் இருக்கும்) 10 கிலோ சுண்ணாம்பு. கந்தகம் மண்ணுக்குள் போனதும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கும், அந்த அமிலம்தான் சுண்ணாம்பைக் கரைக்கும். வேதியியல் கணக்குப்படி 100 கிராம் சுண்ணாம்புக்கு 32 கிராம் கந்தகம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 3.2 கிலோ, ஒரு சென்ட் இடத்துக்கு 130 கிலோ. அதுவும் மேல் அரையடிக்கு மட்டும். சுண்ணாம்பு தீரும்வரை பிஹெச் பெரிதாக இறங்காது, அதற்குள் கந்தகமும் உப்பும் சேர்ந்து செடி செத்துவிடும், நாம் ஊற்றுகிற போர் தண்ணீர் வேறு புதுச் சுண்ணாம்பைக் கொண்டு வந்துகொண்டே இருக்கும். ஆக, நுரைக்கிற மண் முழுவதையும் புளிக்க வைக்கலாம் என்கிற எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன். நுரைக்காத மண்ணில், பிஹெச் 7.5 மாதிரி இருந்தால், கந்தகம் வேலை செய்யும். அங்கே சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் போட்டுக் கிளறி, ஈரம் காயாமல் வைத்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி அளந்து பார்க்கலாம். அவசரப்பட்டால் கந்தகம் பலிக்காது, பாக்டீரியாவுக்கு ஈரமும் நாளும் வேண்டும்.

இங்கே இன்னொன்று. சுண்ணாம்பு மட்டும் இருக்கிற மண்ணில் பிஹெச் சுமார் 8.2, 8.4 வரை வந்து நின்றுவிடும். 8.5ஐத் தாண்டி 9 பக்கம் போனால் அங்கே சோடியம் இருக்கிறது, அது களர். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் சேறாகக் கிடக்கும், காய்ந்தால் மேலே கெட்டியாக ஓடு கட்டும். களருக்கு ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்க வேண்டும். என் மண்ணுக்கு ஜிப்சம் போட்டால் பிஹெச் இறங்காது, அதிலும் கால்சியம்தானே இருக்கிறது. ஜிப்சம் எல்லா மண்ணுக்கும் மருந்து என்று விற்கிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள்.

மீட்டர் எண்ணை உறுதிப்படுத்திக்கொள்ள மண் பரிசோதனை நிலையத்துக்கும் கொடுத்தேன். வீட்டுத் தோட்டம்தானே என்று யாரும் தயங்க வேண்டாம், கட்டணம் மிகக் குறைவு. நாம் எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் முக்கியம். மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் இருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். இப்படி நாலைந்து இடத்தில் எடுத்து, ஒரு சாக்கில் பரப்பிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து மறுபடி பிரித்து, அரைக்கிலோ வரும் வரை. எருக்குழி, மரத்தடி, உரம் போட்ட இடம் வேண்டாம். உரச்சாக்கில் எடுத்துப் போகவே கூடாது, துணிப்பை நல்லது. சுவரோர மண்ணையும் நடு மண்ணையும் கலக்காமல் தனித்தனிப் பையில், தனித்தனிச் சீட்டு போட்டுக் கொடுத்தேன். என் மீட்டரும் ஆய்வக எண்ணும் 0.1, 0.2க்குள் ஒத்துப்போனது மனதுக்கு நிறைவாக இருந்தது. உப்பின் அளவு பரவாயில்லை, சுண்ணாம்புத் தன்மை அதிகம், இரும்பும் துத்தநாகமும் குறைவு என்று வந்தது.

இனி செய்தது. தரையில் இருக்கிற மண்ணை அதன் போக்கில் விட்டுவிட்டேன், செடிகளை மாற்றினேன். சுவரோரத்தில் முருங்கை, நெல்லி, மாதுளை, சீத்தா. இவை நான்கும் சுண்ணாம்பைப் பெரிதாகச் சட்டை செய்யாதவை, தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் நடு மண்ணில், மாட்டெருவும் இலைமக்கும் தாராளமாகப் போட்டு. மக்கு பிஹெச்சை 8.1ல் இருந்து 6.5க்கு இறக்கிவிடாது, ஆனால் மக்கும்போது வெளிவருகிற அமிலங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வேருக்குக் கொடுக்கும், வேரைச் சுற்றி நிலைமை மாறும். என் அனுபவத்தில் மண்ணுக்குப் போடுகிற எதையும்விட இதுதான் பலன் தந்தது.

இட்லிப்பூ, ரோஜா, கறிவேப்பிலை மூன்றையும் அப்படி விட முடியவில்லை. இட்லிப்பூவைப் பெயர்த்துத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். செம்மண் இரண்டு பங்கு, மக்கு ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு. நார்க் கழிவை நாலைந்து தண்ணீர் விட்டுப் பிழியாமல் போடாதீர்கள், உப்பு இருக்கும். செம்மண் லோடு இறக்கும்போது ஒரு கைப்பிடியில் வினிகர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்ல வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பு இல்லாத மண் என்று சொல்ல முடியாது, எங்கள் தெருவில் இறக்கிய ஒரு லோடு நன்றாகவே நுரைத்தது, திருப்பி அனுப்பினோம்.

கறிவேப்பிலை பெரிய மரமாகிவிட்டது, பெயர்க்க முடியாது. அதற்கு அன்னபேதி தெளித்தேன், இரும்புச் சல்பேட்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு முதலில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட், பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைக் கரைத்துவிட்டு அப்புறம் 5 கிராம் அன்னபேதி. வரிசை மாறக்கூடாது. போர் தண்ணீரில் அன்னபேதியை முதலில் போட்டால் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் (தண்ணீருக்குக் காரத்தன்மை தரும் உப்பு) இரும்பைப் பிடித்துக் கண்ணெதிரே பழுப்பாகக் கலங்கிவிடும், அது இலைக்குள் போகாது. மழைத்தண்ணீர் இருந்தால் ரொம்ப நல்லது. அன்னபேதி வாங்கும்போது இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி தெளித்து, பத்து நாள் இடைவெளி விட்டு மறுபடி. தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது, பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். தெளித்த இலைகளில் திட்டுத்திட்டாகப் பச்சை வந்தது, அடுத்து வந்த தளிர் முழுப் பச்சையாக வந்தது. கறிவேப்பிலையைப் பறித்துச் சமைப்பவர்கள் தெளித்த பிறகு ஒரு வாரமாவது விட்டு, நன்றாகக் கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

இதே அன்னபேதியை மண்ணில் போட்டால் சில நாளிலேயே துருவாகி வீணாகிவிடும். மண் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கீலேட் இரும்பு, அதாவது உறைந்துவிடாமல் வேறொரு சேர்மம் பிடித்து வைத்திருக்கிற இரும்பு. அதிலும் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஈடிடிஏ என்று இருந்தால் அது பிஹெச் 6.5 வரைதான் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும், டிடிபிஏ 7.5 வரை, நம் மண்ணுக்கு ஈடிடிஹெச்ஏ என்று எழுதியிருக்க வேண்டும், அது 9 வரை தாங்கும், கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். விலை கூடுதல். கடையில் எளிதாகக் கிடைப்பது ஈடிடிஏதான், அதை இலையில் தெளிக்கலாம், மண்ணில் ஊற்றக் காசு செலவழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். தொட்டியில் 6.6ல் தொடங்கிய மண்ணைப் போர் தண்ணீர் மட்டும் ஊற்றி ஒரு வருடம் விட்டால் அது 6.6ல் இருக்காது. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பு. கணக்குக்காக, லிட்டருக்கு 250 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் உள்ள தண்ணீரைத் தினம் இரண்டு லிட்டர் ஊற்றினால் தினம் அரை கிராம், வருடத்துக்கு 180 கிராமுக்கு மேல், ஒரே தொட்டியில். நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டு இருக்கிறோம். தண்ணீரின் பிஹெச் 7.7தானே என்று விட்டுவிடக்கூடாது, பிஹெச் எண்ணைவிடத் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட்தான் கணக்கு, வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் எவ்வளவு வேகமாக வெள்ளை ஏடு படிகிறது என்று பார்த்தாலே தெரியும்.

இட்லிப்பூவுக்கும் ரோஜாவுக்கும் குழாயில் வருகிற ஆத்துத் தண்ணீரை ஒதுக்கிவிட்டேன், தாமிரபரணித் தண்ணீரில் போர் தண்ணீர் மாதிரி சுண்ணாம்பு படிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். அதிலும் ஒரு விஷயம், நம் ஊரில் வெயிலுக்கு மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் உண்டு, அடித்த வருடம் அந்த மாடித் தண்ணீரை மீட்டர் வைத்துப் பார்த்தால் 9ஐத் தாண்டி நின்றது. முதல் இரண்டு மூன்று மழையை வடிய விட்டு, மறுபடி அளந்து, 7 பக்கம் வந்த பிறகுதான் பிடித்தேன். ஆர்ஓ மெஷினில் இருந்து கழிவாக வெளியேறுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதை எங்கள் அத்தை வீட்டில் பார்த்தேன், அதில் உப்பும் காரமும் செறிவாக இருக்கும், தரை துடைக்கலாம், தொட்டிக்கு வேண்டாம் என்று சொல்லி நிறுத்த வைத்தேன். போர் தண்ணீரைத் தவிர வழியே இல்லாதவர்கள் அதில் லிட்டருக்குக் கால் கிராமுக்குக் குறைவாகச் சிட்ரிக் ஆசிட் கலந்து, மீட்டரில் 6 முதல் 6.5 வரும் அளவில் நிறுத்தி ஊற்றலாம். ஆனால் அந்த அமிலத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும், பலன் தற்காலிகம்தான்.

அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் தோட்டத்துப் பக்கம் விடுவதில்லை. சாம்பல் நல்ல உரம்தான், பொட்டாஷ் இருக்கிறது, ஆனால் அதன் பிஹெச் 10க்கு மேல். முட்டை ஓடு அப்படியே சுண்ணாம்பு. இரண்டையும் புளிப்பு மண் உள்ள ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்கு உதவும். நாகர்கோவிலைத் தாண்டி இருக்கிறவர்கள், செங்கோட்டைக்கு மேற்கே இருக்கிறவர்கள், சோதித்து 5.5க்குக் கீழே வந்தால் தாராளமாகச் சுண்ணாம்போ டோலமைட்டோ (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடலாம், போட்டே ஆக வேண்டும், அங்கே அலுமினியம் கரைந்து வேரையே கருக்கிவிடும். எவ்வளவு போடுவது என்பது மண்ணில் களி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, பிஹெச் எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது, மண் பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவை என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எலுமிச்சை ஒன்று வைக்கலாம் என்று இருக்கிறேன். புளியங்குடி நாற்று, சுவரில் இருந்து தள்ளி நடு மண்ணில். மூன்றடிக் குழி எடுத்து, நுரைக்காத செம்மண்ணும் மக்கும் நிரப்பி, அந்தக் குழிக்குள் மட்டும் இரண்டு கைப்பிடி கந்தகம் கலந்து, நாற்று வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஈரமாக வைத்திருக்கப் போகிறேன். ஒரு சென்ட் மண்ணை மாற்ற முடியாது, ஒரு குழியை மாற்ற முடியும். சுற்றிலும் சுண்ணாம்பு மண் இருப்பதால் வேர் குழியைத் தாண்டும்போது தளிர் வெளுக்கத் தொடங்கும், அதற்குள் மரம் தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை அன்னபேதி தெளிப்பதில் சமாளிக்கலாம் என்பது கணக்கு. குழி மண்ணின் பிஹெச்சை நடும்போது ஒரு தடவை, அதன் பிறகு தை மாதத்தில் மழை ஓய்ந்ததும் ஒரு தடவை அளந்து எழுதுகிறேன். உங்களில் யாராவது கரிசலில் எலுமிச்சை வைத்துக் காய்க்க வைத்திருந்தால், என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதை மட்டும் அவசியம் சொல்லுங்கள்.